நாற்பத்திரண்டு பூச்சிப் போர்வை

எட்டுப் பாட்டில்களையும் அண்ணி கழிப்பறையில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஜாம் தீர்ந்துபோன கண்ணாடிப் பாட்டில்கள். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஒரு குச்சிப்பூச்சி, இரண்டு பொன்வண்டு, ஒரு மரவட்டை, இன்னும் யார் யாரோ. பூச்சியைப் போய் யாராவது 'யார் யாரோ' என்பார்களா என்றால், அவற்றை வளர்த்த அண்ணியின் பிள்ளை அப்படித்தான் சொல்லும். நடந்தது இவ்வளவுதான்: வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தியின் காபிக் கோப்பை விளிம்பில் ஒரு பொன்வண்டு வந்து உட்கார்ந்தது. உள்ளே விழக்கூட இல்லை. அதற்கு எட்டுப் பாட்டிலும் போயிற்று.

இதைக் கேட்டுக் கொதித்துப்போனவள் பிள்ளையின் அத்தை. அவளை எல்லோரும் மருந்துக்காரி என்பார்கள். கரப்பான், மூட்டைப்பூச்சி, கரையான் என்று வீடு வீடாக, கிடங்கு கிடங்காக மருந்து அடிப்பது அவள் தொழில். பதினாறு வருஷமாக முதுகில் தெளிப்பானும் முகத்தில் மூடியுமாக அலைகிறவள். நாளொன்றுக்கு ஆயிரம் உயிரை அனுப்பி வைக்கிறவளா எட்டுப் பாட்டிலுக்கு இந்தக் குதி குதிக்கிறாள் என்று கேட்கலாம். அண்ணியும் அதைத்தான் கேட்டாள். தொழிலுக்குக் கொல்வது ஒன்று. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்து அதன் சொத்தைக் காலி பண்ணுவது வேறொன்று. இந்த வித்தியாசம் தெரியாதவர்களிடம் பேசி என்ன பயன்? வாய் வலிப்பதுதான் மிச்சம்.

பிள்ளைக்கு எட்டு முடிந்து ஒன்பது ஆகப்போகிறது. மருந்துக்காரி அவளைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவாள். பிடித்தால் விடாத குணம். பாட்டில்கள் போனதற்கு அவள் அழவில்லை. அழுதிருந்தால் மருந்துக்காரிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பிள்ளையைத் தங்கையின் ஒற்றை அறை வீட்டில் விட்டுவிட்டுப் போவான், மாலையில் வந்து அழைத்துப் போவான். அது பல வருஷ வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டெறும்பு வந்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்துக்கு ஒரு பூச்சி. பென்சிலால் வரைந்து, நிறம் தீட்டி, கீழே பெயரும் கால்களின் எண்ணிக்கையும். நாற்பத்திரண்டு பக்கம்.

"இதை நீயே வெச்சுக்கோ அத்தை. அங்க இருந்தா இதுவும் போயிடும்."

மருந்துக்காரி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கும்பிடுபூச்சி, ஈசல், சாணவண்டு, பேன்கூட இருந்தது. பிள்ளை அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தைக்குப் பின்னல் வேலை வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் தலையில் இருந்த உல்லன் குல்லாயே அத்தை பின்னியதுதான்.

"போர்வையில போட முடியுமா? எனக்குத் தனி ரூம் தரப்போறாங்க, தனிக் கட்டில். போர்வையை அப்படிக் கவிழ்த்துத் தண்ணி விட முடியாதுல்ல."

முடியும் என்றாள் மருந்துக்காரி. எல்லாவற்றையுமா என்று கேட்டாள் பிள்ளை.

"ஒண்ணு விடாம."

இந்த இரண்டு வார்த்தைதான். கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

பிறந்தநாளுக்கு நாலு மாதம் இருந்தது. ஆறுக்கு ஏழு, நாற்பத்திரண்டு கட்டம். கட்டம் ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம். தனித்தனியாகப் பின்னிக் கடைசியில் ஒன்றோடொன்று வைத்துத் தைக்க வேண்டும். பூச்சியின் உடம்பைப் பின்னும்போதே வேறு நிற நூலில் உள்ளே கொண்டுவந்துவிடலாம். கால், மீசை எல்லாம் பிறகு தையல் ஊசியால் மேலே போட வேண்டும். வேலை நடந்தது பெரும்பாலும் வேனில். ஓர் இடத்தில் மருந்து அடித்தால் கதவைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே காத்திருக்க வேண்டும் என்பது தொழில் விதி. மற்றவர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள். மருந்துக்காரி முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, வேலைச் சட்டையைக் கழற்றி மூட்டை கட்டிப் பின்னால் எறிந்துவிட்டு, வேனின் முன்சீட்டில் ஊசிகளோடு உட்கார்ந்துவிடுவாள்.

வேன் டிரைவர் பேத்தி எடுத்த மனிதர். எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாத ரகம். "பூச்சி கம்பளியை அரிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். கம்பளியே பூச்சியா மாறுறதை இப்பத்தான்மா பார்க்கறேன்" என்பார். சிரித்துக்கொண்டே நூல்கண்டு உருண்டு ஓடாமல் மடியில் பிடித்துக்கொள்வார்.

முதல் கட்டம் கரப்பான். பதினாறு வருஷப் பழக்கமாயிற்றே, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று ஆறு காலையும் வயிற்றிலிருந்து கிளப்பித் தைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கட்டெறும்பு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கால் வயித்துல முளைக்காது அத்தை. நெஞ்சுலதான்."

மருந்துக்காரி நோட்டைப் பார்த்தாள். நெஞ்சில்தான். மல்லாந்து கிடக்கிற கரப்பானை முறத்தில் அள்ளிக் கொட்டியிருக்கிறாளே தவிர, கால் எங்கே முளைக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஆறு காலையும் பிரித்து மறுபடி தைத்தாள். பூரானுக்குப் பதினைந்து ஜோடிக் கால். அதற்கு மட்டும் ஒரு கிடங்கு, ஒரு பேக்கரி, ஒரு வக்கீல் ஆபீஸ் என்று மூன்று இடத்துக் காத்திருப்பு போயிற்று. கட்டெறும்பு ஒவ்வொரு காலையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டு, சரி என்று தலையாட்டினாள். கம்பெனியின் மேற்பார்வையாளர்கூட மருந்துக்காரியின் வேலையை அப்படிச் சோதித்ததில்லை. அந்தத் தலையாட்டலுக்காக முப்பது கால் என்ன, முந்நூறு கால்கூடத் தைக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

கோபத்தோடு பின்னினால் கை இறுகும். கை இறுகினால் கட்டம் சுருங்கும். அண்ணியை நினைத்துக்கொண்டே பின்னிய நாள்களில் கட்டம் ஒரு விரற்கடை குறைந்துவிடும், பக்கத்துக் கட்டத்தோடு சேராது. டிரைவர் அளந்து பார்த்து, "இது அண்ணி கட்டம், பிரிச்சிடு" என்பார். அவளும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். இப்படிப் பின்னியதும் பிரித்ததுமாக இரண்டரை மாதத்தில் இருபத்து மூன்று கட்டம் தேறியது.

அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ஒரு நாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, தங்கை பூரானுக்கு முப்பது கால் தைத்திருக்கிறாள், பார்த்தால் அசல் பூரான் தோற்றுப்போகும் என்று பெருமையாகச் சொல்லி வைத்தான். அடுத்த நாளே அண்ணியிடமிருந்து போன். வா, பேச வேண்டும் என்றாள்.

மருந்துக்காரி வேலை முடித்துக் குளித்துவிட்டுத்தான் போனாள். அப்படியும் அண்ணி நாற்காலியில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு அதன்மேல்தான் அவளை உட்காரச் சொன்னாள். இது புதிதில்லை. ஒவ்வொரு முறையும் அவள் வயிறு எரியும், ஒவ்வொரு முறையும் உட்காருவாள். பிள்ளை ட்யூஷனுக்குப் போயிருந்தாள். அண்ணன் ஊமைக் கோட்டான் மாதிரி ஜன்னல் ஓரமாக நின்றான்.

அண்ணி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கலாம். வகுப்பில் பிள்ளையைப் 'பூச்சி' என்று கூப்பிடுகிறார்கள் என்றாள். பக்கத்தில் உட்கார ஆளில்லை. போன பிறந்தநாளுக்குப் பதினொரு பேரைக் கூப்பிட்டு ஒருத்திகூட வரவில்லை. வெட்டாத கேக்கை மூன்று நாள் தானே தின்று தீர்த்ததாகச் சொன்னாள். இந்த வருஷம் நாலு பிள்ளைகளின் அம்மாக்களிடம் நேரில் போய்க் கெஞ்சி, வருகிறோம் என்று வார்த்தை வாங்கியிருக்கிறாள். அந்த நாலு பேரும் புது அறையைப் பார்ப்பார்கள். கட்டிலைப் பார்ப்பார்கள். கட்டில்மேல் கரப்பான் இருக்கக் கூடாது.

"வண்ணத்துப்பூச்சி போடு, பூ போடு, வேண்டாம்னு சொல்லலை. கரப்பானும் பேனும் போட்ட போர்வை என் வீட்டு வாசப்படி தாண்டாது. இல்ல, நான் அப்படித்தான் பண்ணுவேன்னா, இனி ஞாயித்துக்கிழமை அவ அங்க வரமாட்டா. உன் வேலையோட வாடைதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சு."

பிள்ளைக்கு அவை பிடிக்கும் அண்ணி என்றாள் மருந்துக்காரி.

"பிடிக்கும்கிறதெல்லாம் குடுக்கறதா வளர்ப்பு? பெத்து வளர்த்தா தெரியும்."

மருந்துக்காரி அண்ணனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு சைக்கிளை ஆராய்ந்துகொண்டிருந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்த வீட்டில் பொன் குஞ்சைப் பித்தளை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் அண்ணி சொன்னதில் பதினொரு பேர் வராத பிறந்தநாளும் இருந்தது. அது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லாத வாரம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

"சரி அண்ணி" என்றாள்.

படி இறங்கும்போது தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. அண்ணிமேல் இருந்த கோபம் பாதி, அண்ணன்மேல் இருந்தது கால், மிச்சமெல்லாம் தன்மேல். கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

முடிந்த இருபத்து மூன்றில் அழகான பூச்சிகள் பதிமூன்று தேறின. தேனீ, தும்பி, மின்மினி, பொன்வண்டு, வெட்டுக்கிளி போன்றவை. கரப்பான், பூரான் முதலான ஒன்பதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வேன் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். மீதமிருந்தது விட்டில்பூச்சி ஒன்று. மங்கிய பழுப்பு நிறம், இறகு மாதிரி இரண்டு மீசை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. மீசையை உருவிவிட்டு, வெறும் இரண்டு கோடாகத் தைத்து, சிறகின்மேல் ரோஜா நிற நூலை ஓட்டினால் வண்ணத்துப்பூச்சிதானே? அண்ணியின் கண்ணிலும் மண், பிள்ளைக்கும் ஒன்று கூடுதல். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு அப்படியே செய்தாள். டிரைவர் பார்த்தார், வாயைத் திறந்தார், அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

பாக்கி இருபத்தெட்டுக் கட்டத்துக்கும் கடையில் விற்கிற மாதிரிப் புத்தகத்தைப் பார்த்துப் பூவும் வண்ணத்துப்பூச்சியும் பின்னினாள். ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. எல்லாம் விரற்கடை குறைவு. பிரிக்கவும் நேரமில்லை. நனைத்து, மெத்தைமேல் போட்டு, நாலு மூலையையும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்து ஒருவழியாக அளவுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டெறும்பு கட்டங்களைக் கேட்டபோது, இனிமேல் காட்டமாட்டேன், பிறந்தநாளன்றைக்குப் பார், அப்போதுதான் சுவாரசியம் என்று மழுப்பினாள். பிள்ளை நம்பினாள். அதுதான் மருந்துக்காரியைத் தின்றது. ஒரு முறையாவது சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் உண்மையைக் கொட்டியிருப்பாள்.

பிறந்தநாளன்று நாலு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இரண்டு பேருடைய அம்மாக்களும் கூட. அண்ணியின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை மருந்துக்காரி இதற்குமுன் பார்த்ததில்லை. கேக் வெட்டியானதும் அண்ணி தானே முன்வந்து, அத்தை கொண்டுவந்ததைப் பார்க்கலாமா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மருந்துக்காரி போர்வையைக் கூடத்தின் தரையில் விரித்தாள். அம்மாக்கள் இரண்டு பேரும் கையால் தடவிப் பார்த்து, கடையில் வாங்கினால்கூட இப்படிக் கிடைக்காது என்றார்கள். பிள்ளைகள் பூவை எண்ணினார்கள். அண்ணி பெருமையோடு நாத்தனாரின் தோளில் கை வைத்தாள். பழைய விரிப்பு இல்லாமல் அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

கட்டெறும்பு போர்வையின் ஓரத்தில் மண்டியிட்டு முதல் வரிசையிலிருந்து தொடங்கினாள். விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. பூவைத் தாண்டியது. தேனீமேல் நின்றது. மறுபடி பூவைத் தாண்டியது. ஏழு வரிசையும் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து எண்ணினாள்.

பிள்ளை எழுந்து அத்தையின் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள். "என் நோட்டுல இருக்கறவங்க பதிமூணு பேர்தான். மத்தவங்க எங்க?"

பதினாலு இருக்கிறதே, சரியாகப் பார் என்றாள் மருந்துக்காரி. இதைவிட மோசமான பதில் உலகத்தில் இல்லை. சொன்ன நொடியிலேயே தெரிந்துவிட்டது.

"அது விட்டில். நீ மீசையைப் பிடுங்கிட்டு வண்ணத்துப்பூச்சி மாதிரி நிக்க வெச்சிருக்க. அதையும் பொய் சொல்ல வெச்சுட்ட."

அம்மாதான் வேண்டாம் என்றாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லவில்லை. அந்த ஒன்றில் மட்டும் மருந்துக்காரி தப்புப் பண்ணவில்லை.

"அம்மா தூக்கிப் போட்டாங்க. ஆனா தூக்கிப் போடமாட்டேன்னு அம்மா சொன்னதே இல்லை. நீ ஒண்ணு விடாமன்னு சொன்ன." பிள்ளையின் கண் சிவந்திருந்தது. "என் நோட்டைக் குடு."

நோட்டு கைப்பையில்தான் இருந்தது. நாலு மாதமாக அதை விட்டு அவள் நகர்ந்ததில்லை. எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அதை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். எந்த வீட்டில் இருந்தால் காணாமல் போய்விடும் என்று கொண்டுவந்து கொடுத்தாளோ, இன்றைக்கு அத்தையின் பையைவிட அந்த வீடே மேல் என்று முடிவு செய்துவிட்டாள். யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட மருந்துக்காரிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வலி கொஞ்ச நேரம்தான். அதன் பின்னாலேயே கோபம் வந்தது. நாலு மாதமாக அண்ணிமேலும் அண்ணன்மேலும் பிரித்துப் பிரித்து வைத்திருந்த கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு சரியான ஆள்மேல் வந்து விழுந்தது. சொன்னவள் அவள். செய்யாதவளும் அவள். நடுவில் அண்ணி யார்?

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து சிறு கத்தரியை எடுத்து, போர்வையின் மூலையில் இருந்த பூக் கட்டத்தின் தையலை வெட்டத் தொடங்கினாள். முதல் பூ கழன்று வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். கேக் தட்டோடு நின்ற ஒரு பிள்ளை வாயில் கரண்டியை வைத்தபடி பார்த்தாள்.

என்ன பண்ணுகிறாய் என்று கேட்டாள் அண்ணி. சிரிப்பு இன்னும் முகத்திலிருந்து முழுதாக இறங்கவில்லை.

"வேலை முடியலை அண்ணி. முடியாத வேலையை முடிஞ்சதுன்னு கொண்டாந்துட்டேன்."

அண்ணி பக்கத்தில் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்காதே என்றாள். மருந்துக்காரி வெட்டிக்கொண்டே இருந்தாள். வண்ணத்துப்பூச்சி ஒன்று, பூ ஒன்று. இழுத்துப் பிடித்த கட்டங்களெல்லாம் தையல் விட்டதும் விடுதலையானதுபோல் மறுபடி சுருங்கின. அம்மாக்களில் ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. பாவம், அவள் கெஞ்சிக் கூட்டிய கூட்டம் அது.

"ஒரே ஒரு நாள் என் பொண்ணு மத்தப் பிள்ளைங்க மாதிரி இருக்கட்டும்னு பார்த்தேன். அது உனக்குப் பொறுக்கலை. உனக்கென்ன, பெத்திருந்தாத்தானே தெரியும்."

"பெக்கலை அண்ணி." மருந்துக்காரி தலையை நிமிர்த்தினாள். "ஆனா சொன்னது நான். நீங்க சொன்னதும் பயந்து அதை முழுங்கினதும் நான்தான். உங்கமேல எனக்கு இருக்கற கோபம் அப்படியே இருக்கு, அது வேற. இது எனக்கும் அவளுக்கும் நடுவுல."

இனி ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சே வேண்டாம் என்றாள் அண்ணி. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாள் மருந்துக்காரி. கை நிற்கவில்லை. கடைசியில் விட்டில் இருந்த கட்டத்தையும் எடுத்தாள். ரோஜா நிற நூலை நகத்தால் கிளப்பி இழுத்து உருவினாள். பழுப்பு வெளியே வந்தது. போர்வையில் இப்போது பதிமூன்று கட்டமும் நிறைய ஓட்டையும்தான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

மூன்று மாடிப் படி. போர்வையின் ஒரு முனை பின்னால் தரையில் புரண்டுகொண்டே வந்தது. முதல் திருப்பத்தில் அது தரையை விட்டு எழுந்ததை உணர்ந்து திரும்பிப் பார்த்தாள். கட்டெறும்பு இரண்டு கையாலும் முனையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அண்ணன். மேலேயிருந்து அண்ணி பிள்ளையைக் கூப்பிட்டாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "வேன் வரைக்கும் போயிட்டு வரட்டும்" என்றான். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவன் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

"உன்மேல நான் கோபமாத்தான் இருக்கேன்" என்றாள் பிள்ளை. "இது அழுக்காகுதேன்னுதான் பிடிக்கறேன்."

"கோபமாவே இரு" என்றாள் மருந்துக்காரி. அதற்குமேல் பேசினால் தானே அழுதுவிடுவோம் என்று தெரிந்ததால் படியைப் பார்த்து இறங்கினாள்.

கீழே வேனோடு காத்திருந்த டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். மருந்துக்காரி சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையை இழுத்து ஒன்பது கட்டத்தையும் சீட்டின்மேல் வரிசையாக வைத்தாள். பிள்ளை கரப்பானை எடுத்து, திருப்பி, கால் முளைத்த இடத்தைப் பார்த்தாள். பூரானின் காலை எண்ணினாள். ஒவ்வொன்றாக ஒன்பதையும் சோதித்தாள். முகம் கொஞ்சமும் இளகவில்லை. தலையாட்டவும் இல்லை.

"இன்னும் இருபது" என்றாள் மருந்துக்காரி. "நோட்டு வேணும் கண்ணு. பார்க்காம எனக்கு வராது."

"தரமாட்டேன்."

தரமாட்டேன் என்றால் அது நியாயம்தான். மருந்துக்காரி வாதாடவில்லை. எத்தனை நாள் ஆனாலும் சரி, நினைவிலிருந்தே பின்னிப் பார்க்கிறேன், தப்பாக வந்தால் பிரிக்கிறேன் என்றாள். பிள்ளை பிறகு சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து வேனின் படியில் வைத்து, விட்டில் பக்கத்தைத் திறந்தாள். அந்த நோட்டில் ஒரு மூலை மடங்கினால்கூடச் சண்டைக்கு வருகிறவள் அவள். ஓரத்துச் சுருள்கம்பியை நகத்தால் நெகிழ்த்தி, காகிதம் கிழியாமல் அந்த ஒரே ஒரு தாளை மெதுவாக எடுத்தாள்.

அண்ணன், முடித்ததைத் தானே வந்து வாங்கிப் போவதாகச் சொன்னான். வீட்டில் சொல்லிவிட்டா என்று மருந்துக்காரி கேட்டாள். "சொல்லிட்டுத்தான்" என்றான். குரல் கம்மியாக இருந்தாலும் வந்துவிட்டது.

கட்டெறும்பு தாளை அத்தையின் கையில் வைத்தாள்.

"இது ஒண்ணுதான். இதைச் சரியாப் பண்ணி அனுப்பு. பார்த்துட்டு அடுத்த பக்கம் குடுக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்."

சொல்லிவிட்டு நோட்டை மறுபடி சட்டைக்குள் செருகிக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் படியேறிப் போய்விட்டாள்.